ஒரு மூக்குத்தி எடை: அணுகுண்டு எப்படி உருவானது, இரண்டு நகரங்களில் என்ன செய்தது

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவின் மேல் வெடித்த குண்டில் ஏறத்தாழ 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் பிளந்தது. பிளந்ததிலும் ஆற்றலாக மாறிப்போன நிறை சுமார் 0.7 கிராம். ஒரு சின்ன மூக்குத்தியின் எடை அவ்வளவுதான் இருக்கும். அந்த முக்கால் கிராம் தந்த ஆற்றலை டிஎன்டி வெடிமருந்தால் பெற வேண்டுமானால் 15,000 டன் வேண்டும். லாரிக்குப் பத்து டன் ஏற்றினால் 1,500 லாரிகள்.

ஆனால் இந்தக் கணக்கு நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோய்விடவும் கூடும். அணுகுண்டு என்பது மிகப் பெரிய ஒரு குண்டு, அவ்வளவே என்று எண்ணத் தோன்றும். சாதாரண குண்டு வெடித்து முடிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அணுகுண்டு மூன்று வழிகளில் கொல்கிறது, மூன்றுக்கும் தனித்தனிக் கால அளவு உண்டு. வெப்ப ஒளி சில நொடிகளில் வேலையை முடிக்கும். காற்றழுத்தம் அதற்குச் சற்றுப் பின்னால் வந்து சேரும். கதிர்வீச்சு வாரக்கணக்கிலும் பத்தாண்டுக் கணக்கிலும் தொடரும். அந்தக் காலையில் ஒருவர் எத்தனை மீட்டர் தள்ளி, எந்தச் சுவருக்குப் பின்னால், என்ன நிறத் துணி உடுத்தி நின்றார் என்பதைப் பொறுத்தே அவருடைய முடிவு அமைந்தது. இதைப் புரிந்துகொள்ள முதலில் அணுக்கருவுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

அணுக்கரு பிளந்தது எப்படித் தெரியவந்தது

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹான், ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மான் என்ற இரு வேதியியலாளர்கள் யுரேனியத்தின் மேல் நியூட்ரான்கள் என்ற மின்னேற்றமில்லாத நுண்துகள்களைச் செலுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யுரேனியத்துக்குப் பக்கத்தில் உள்ள கனமான தனிமம் ஏதாவது கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ பேரியம், யுரேனியத்தின் பாதியை விடச் சற்றே கூடுதலான எடையுள்ள தனிமம். எத்தனை முறை செய்தாலும் பேரியம்தான் வந்தது.

ஹானுடன் நெடுங்காலம் சேர்ந்து உழைத்த இயற்பியலாளர் லிசே மைட்னர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியை விட்டுத் தப்பி ஸ்வீடனில் தங்கியிருந்தார். ஹான் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்த அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்தபடியே மைட்னர் கணக்குப் போட்டார். யுரேனியக் கரு ஒரு நீர்த்துளி போல நடுவில் இறுகி இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். பிரிந்த துண்டுகளின் மொத்த எடை, பழைய கருவின் எடையை விடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. காணாமல் போன அந்த எடை ஆற்றலாக மாறியிருக்கிறது. அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகான எலக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால், ஒரு பிளவுக்கு ஏறத்தாழ 20 கோடி. கரி எரியும்போது ஓர் அணு தருவது சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட்தான். அடுப்புக்கும் அணுகுண்டுக்கும் உள்ள இடைவெளி இந்த ஐந்து கோடி மடங்குதான்.

ஆற்றல் மட்டும் இருந்தால் குண்டு வராது. ஒரு கரு பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்களும் வெளியே தெறிக்கின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளந்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இதுதான் தொடர்வினை. இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று ஹங்கேரியரான லியோ சிலார்டு 1933 லேயே லண்டனில் இருந்தபடி யோசித்து வைத்திருந்தார்.

இரட்டித்துக்கொண்டே போவது எப்படிப்பட்டது என்பது சதுரங்கக் கட்டங்களில் நெல் வைத்த கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஏறத்தாழ 80 தலைமுறை இரட்டித்தால் ஒரு கிலோ அளவு யுரேனியம் பிளந்துவிடும். ஒரு தலைமுறைக்குப் பிடிக்கும் நேரம் நொடியில் பத்து கோடியில் ஒரு பங்கு. ஆகவே எல்லாம் மைக்ரோ நொடி ஒன்றுக்குள், அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ஆற்றலில் 99 சதவீதம் கடைசி ஏழு தலைமுறைகளில்தான் வருகிறது. அந்தக் கடைசித் தலைமுறைகள் நடந்து முடியும் வரை பொருள் ஒன்றுகூடியே இருக்க வேண்டும். ஆனால் சூடேறிய யுரேனியம் உடனே விரிந்து சிதறத் தொடங்குகிறது. இடைவெளி கூடியதும் நியூட்ரான்கள் எதிலும் மோதாமல் வெளியே தப்பிவிடுகின்றன, தொடர்வினை அணைந்துவிடுகிறது. 64 கிலோவில் ஒரு கிலோ கூடப் பிளக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். ஒரு நகரத்தை அழித்த அந்தக் குண்டு, தன் பொருளில் நூற்றில் ஒன்றரைப் பங்கைக்கூடப் பயன்படுத்தவில்லை.

தடையாக நின்றது பொருள்தான்

மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழு மட்டுமே எளிதில் பிளக்கும் யுரேனியம்-235. மற்றவை யுரேனியம்-238, பெரும்பாலும் நியூட்ரானை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டும் வேதியியலில் ஒன்றேதான். அமிலமோ காரமோ போட்டுப் பிரிக்க முடியாது. எடையில் நூற்றுக்கு ஒன்றே கால் பங்கு வேறுபாடு மட்டும்தான் கைப்பிடி. இந்தச் சிறிய வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு பிரித்தெடுப்பதுதான் செறிவூட்டல். அணுகுண்டு வரலாற்றில் பெரும் பகுதி இந்தத் தொழிற்சாலை வேலையின் வரலாறுதான். சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1939 ஆகஸ்டில் சிலார்டு எழுதி ஐன்ஸ்டைன் கையெழுத்திட்ட கடிதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. ஹிட்லரின் ஜெர்மனி முந்திக்கொள்ளும் என்ற அச்சம் அதில் இருந்தது. 1940 மார்ச்சில் பிரிட்டனின் பர்மிங்ஹாமில் ஃபிரிஷும் ருடால்ஃப் பியெர்ல்ஸும், டன் கணக்கில் வேண்டாம், கிலோக் கணக்கில் யுரேனியம்-235 போதும் என்று எழுதிக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இது நடக்கக்கூடிய காரியம் என்று அரசுகள் நம்பின. 1942 இல் அமெரிக்க ராணுவத்தின் பொறியியல் பிரிவு பொறுப்பேற்றது. அதுவே மன்ஹாட்டன் திட்டம். நிர்வாகத்துக்குத் தளபதி லெஸ்லி குரோவ்ஸ், நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு ராபர்ட் ஓப்பன்ஹைமர். செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர். உச்சத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். தாங்கள் எதைச் செய்கிறோம் என்று அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது.

தாதுவில் கணிசமான பங்கு பெல்ஜியத்தின் ஆட்சியில் இருந்த காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. அதைத் தோண்டிய காங்கோ மக்களை இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல.

செறிவூட்டல் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் நடந்தது. ஒரு ஆலையில் யுரேனிய வாயுவை மிக நுண்ணிய துளைகள் வழியே ஆயிரக்கணக்கான கட்டங்களில் செலுத்தினார்கள். கனம் குறைந்த அணு சற்றே வேகமாக நுழையும். இன்னோர் ஆலையில் மின்னேற்றிய யுரேனியத்தைப் பெரிய காந்தங்களுக்கு இடையே வளைத்துவிட்டார்கள். கனமானது அகலமாக வளையும், கனம் குறைந்தது குறுகலாக வளையும், இரண்டு இடத்தில் போய் விழும். காந்தச் சுருளுக்குச் செம்பு வேண்டும், போர்க்காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. ஆகவே அரசு கஜானாவிலிருந்து 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளியைக் கடனாக வாங்கிச் சுருள் செய்தார்கள். கடைசி வெள்ளி கஜானாவுக்குத் திரும்பியது 1970 இல்.

இரண்டாவது வழி புளூட்டோனியம். யுரேனியம்-238 ஐ அணு உலையில் வைத்தால் அது நியூட்ரானை விழுங்கிச் சில நாள்களில் புளூட்டோனியமாக மாறுகிறது. வேறு தனிமம் என்பதால் வேதியியல் முறையில் பிரித்துவிடலாம். 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில், கிராஃபைட் கட்டிகளை அடுக்கி என்ரிக்கோ ஃபெர்மி முதல் உலையை இயக்கிக் காட்டினார். பெரிய உலைகள் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் எழுந்தன.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1944 செப்டம்பரில் முதல் பெரிய உலையை ஓட்டிய சில மணி நேரத்தில் அதன் திறன் தானாகவே இறங்கத் தொடங்கி, மறுநாள் நின்றே போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர்பெற்றது, மறுபடி இறங்கியது. தண்ணீர்க் கசிவா என்று பார்த்தார்கள், இல்லை. குற்றவாளி செனான்-135 என்ற வாயு. பிளவில் பிறக்கும் துண்டுகளிலிருந்து அது சில மணி நேரத்தில் உருவாகிறது, நியூட்ரான்களைப் பேராசையோடு விழுங்குகிறது. சுமார் ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து மறைகிறது. உலை ஏறி இறங்கிய தாளம் அந்த வாயுவின் தாளம். கட்டுமானப் பொறியாளர்கள் எச்சரிக்கையாக 1,500 குழாய்கள் போதும் என்ற இடத்தில் 2,004 குழாய்களுக்கு இடம் வைத்திருந்தார்கள். மிச்சக் குழாய்களிலும் யுரேனியத்தை நிரப்பியதும் உலை செனானை மீறி ஓடியது.

இப்படி இரண்டு பொருள்களுக்கு இரண்டு வகைக் குண்டு வந்தது. யுரேனியக் குண்டில் தனித்தனியாக வைத்த இரண்டு பகுதிகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டுச் சேர்த்தார்கள். புளூட்டோனியத்துக்கு அந்த முறை சரிப்படாது என்பது 1944 இல் தெரிந்தது. உலையில் செய்த புளூட்டோனியத்தில் தானாகவே பிளக்கும் வகையும் கலந்திருந்தது, பகுதிகள் சேர்ந்து முடிவதற்குள் அது அரைகுறையாக வெடித்து வீணாகிவிடும். ஆகவே சுற்றிலும் வெடிமருந்தை வைத்து எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உள்நோக்கி நசுக்கும் முறைக்குப் போனார்கள். இது வேலை செய்யுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கத்தான் 1945 ஜூலை 16 விடியற்காலை 5.29 மணிக்கு நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் மேல் முதல் சோதனை நடந்தது. கீழே இருந்த மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாகப் படிந்தது. யுரேனியக் குண்டை முன்கூட்டி வெடித்துப் பார்க்கவே இல்லை. அதன் அமைப்பில் நம்பிக்கை இருந்தது, சோதனைக்குச் செலவிட யுரேனியம் இல்லை. அதன் முதல் வெடிப்பே ஹிரோஷிமாதான்.

ஹிரோஷிமா, நாகசாகி

குண்டைத் தயாரிக்கத் தூண்டிய ஜெர்மனி 1945 மே மாதமே சரணடைந்துவிட்டது. ஜப்பானுடன் போர் தொடர்ந்தது. மக்கள் வாழும் நகரத்தின் மேல் முன்னறிவிப்பின்றிப் போடக் கூடாது என்று சிகாகோ ஆய்வாளர்கள் ஜூனில் ஓர் அறிக்கை அனுப்பினார்கள். ஜூலையில் சிலார்டு எழுதிய மனுவில் 70 பேர் கையெழுத்திட்டார்கள். எதுவும் முடிவை மாற்றவில்லை. இலக்குப் பட்டியலில் இருந்த நகரங்களைச் சாதாரண விமானத் தாக்குதலிலிருந்து விலக்கி வைத்தார்கள். புதுக் குண்டின் சேதத்தைத் தெளிவாக அளக்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஊர் தப்பித்துக்கொண்டிருக்கிறது என்று ஹிரோஷிமா மக்கள் நினைத்த அந்த மாதங்களுக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

ஆகஸ்ட் 6 காலை 7.09 மணிக்கு ஹிரோஷிமாவில் அபாயச் சங்கு ஒலித்தது. வானிலை பார்க்க வந்த ஒற்றை விமானம் அது. அது போனதும் 7.31 மணிக்கு அபாயம் நீங்கியதாக அறிவித்தார்கள். மக்கள் பதுங்குமிடங்களை விட்டு வெளியே வந்தார்கள், வேலைக்குக் கிளம்பினார்கள். தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து அகலமான வெளி உண்டாக்கும் வேலையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் திறந்தவெளியில் நின்றார்கள். 8.15 மணிக்குத் தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. தலைக்கு மேல் திறந்த வானத்தோடு நின்ற அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

முதலில் வந்தது ஒளி. ஒரு நொடியில் 280 மீட்டர் விட்டமுள்ள தீப்பந்து. நேர் கீழே தரையின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி செல்சியஸ். கூரை ஓடுகளின் மேற்பரப்பு கொதித்துக் கொப்புளித்தது. மூன்றரை கிலோமீட்டர் தள்ளி நின்றவர்களின் திறந்த தோலும் வெந்தது. ஒளி நேர்கோட்டில்தான் போகும் என்பதால் அது பட்ட பக்கம் கருகியது, மறைந்த பக்கம் தப்பியது. வெயிலில் கறுப்புக் குடை சூடேறுவது போல, கறுப்பு ஒளியை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். வெள்ளைத் துணியில் அடர்நிறப் பூ வேலை செய்த கிமோனோ அணிந்த பெண்களின் முதுகில், பூக்கள் இருந்த இடம் மட்டும் தீக்காயமாக அச்சானது. உடையின் அடர்நிறக் கோலம் தோலில் பதிந்த புகைப்படங்கள் இருக்கின்றன.

நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 260 மீட்டரில் ஒரு வங்கியின் கல்படியில் யாரோ கதவு திறக்கக் காத்து உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த கல் வெப்பத்தில் வெளுத்துப்போனது, அவர் மறைத்த இடம் மட்டும் கருநிழலாக நின்றது. மனிதர் ஆவியாகிக் கல்லில் படிந்த தடம் அது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. உடல் அங்கேயே கருகி விழுந்தது. நிழல் என்பது வெளுக்காமல் தப்பிய கல். அந்தப் படியைப் பெயர்த்து ஹிரோஷிமா அமைதி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒளிக்குப் பின்னால் அழுத்த அலை. 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. மேலிருந்து இறங்கும் அலை தரையில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய அலை முன்னால் போகும் அலையை எட்டிப் பிடித்து இரண்டும் ஒன்றாகின்றன. தரையோடு ஓடும் அந்தச் சேர்ந்த அலை அதிக தூரம் வரை கட்டடங்களைச் சாய்க்கும். அந்த உயரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் மரவீடுகள் ஏறக்குறைய எல்லாமே சரிந்தன. நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 160 மீட்டரில் இருந்த தொழில் வளர்ச்சி மண்டபத்தின் சுவர்கள் மட்டும் நின்றன. அலை ஏறத்தாழ நேர் மேலிருந்து அழுத்தியதால் சுவர்கள் பக்கவாட்டில் தள்ளப்படவில்லை, கூரை போனது. உலகம் முழுவதும் படத்தில் பார்க்கும் அந்த இரும்பு எலும்புக்கூட்டுக் குவிமாடம் அதுதான்.

சரிந்த மரவீடுகளுக்குள் காலை உணவு சமைத்த அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அடியில் மனிதர்கள் சிக்கியிருந்தார்கள். அரை மணி நேரத்துக்குள் தனித்தனித் தீ ஒன்றுசேர்ந்து பெருந்தீயானது. சூடான காற்று மேலே எழ, நாலா பக்கமிருந்தும் காற்று உள்ளே பாய்ந்து தீயை ஊதியது. ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர் எரிந்து தீர்ந்தது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டன. மருத்துவர், செவிலியரில் பத்தில் ஒன்பது பேர் செத்தோ காயப்பட்டோ போனார்கள். அணுகுண்டின் விளைவுகளைப் பட்டியலிடும்போது மறந்துவிடக் கூடாத ஒன்று இது. காயம் பட்டவரைக் காப்பாற்ற வேண்டிய ஊரே காயம் பட்டுக் கிடந்தது.

இரண்டாவது குண்டுக்குக் கோக்குரா நகரம் குறி. ஆகஸ்ட் 9 காலை அங்கே மேகமும் புகையும் மூடியிருந்தன. மூன்று முறை வட்டமிட்ட விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. 11.02 மணிக்கு உராகாமிப் பள்ளத்தாக்கின் மேல் 500 மீட்டர் உயரத்தில் புளூட்டோனியக் குண்டு வெடித்தது. ஆற்றல் 21,000 டன் டிஎன்டி அளவு, ஹிரோஷிமாவை விடப் பெரியது. ஆனாலும் மலைகள் அலையைத் தடுத்ததால் மலைக்கு அப்பாலிருந்த நகரப் பகுதி ஓரளவு தப்பியது. ஹிரோஷிமாவோ ஓட்டா ஆற்றின் கிளைகளுக்கு நடுவே தட்டையாகக் கிடந்த நகரம், தடுக்க ஒன்றுமில்லை. 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000, நாகசாகியில் ஏறத்தாழ 70,000 என்பதே பரவலாக ஏற்ற மதிப்பீடு. இறந்தவர்களில் கொரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

ஆகஸ்ட் 8 அன்று சோவியத் ஒன்றியம் ஜப்பான் மீது போர் அறிவித்தது, 15 ஆம் தேதி ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. சரணடைந்தது குண்டாலா, சோவியத் வருகையாலா, இரண்டும் சேர்ந்தா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடும் பாடப்புத்தக வரியை நம்பாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது வழி

வெடித்தது என்ன வகைக் குண்டு என்று ஜப்பானிய அறிவியலாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தவற்றுள் ஒன்று, ஹிரோஷிமாச் செஞ்சிலுவை மருத்துவமனையில் இருந்த எக்ஸ்ரே பிலிம். வெளிச்சமே படாமல் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த பிலிம்கள் புகைமூட்டமாகக் கறுத்திருந்தன. சுவரையும் பெட்டியையும் தாண்டி ஏதோ ஒன்று உள்ளே வந்து போயிருக்கிறது. காமா கதிர்கள்.

கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகில் சொல்கிறார்கள். ஒரு கிலோ உடலில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் ஒரு கிரே. உடல் முழுதும் ஏறத்தாழ 4 கிரே பட்டு, மருத்துவமும் இல்லையென்றால் இருவரில் ஒருவர் இறப்பார். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 240 ஜூல். ஒரு தேக்கரண்டிச் சூடான காபியில் இதைவிட அதிக வெப்பம் இருக்கும். அப்படியிருந்தும் கொல்வதற்குக் காரணம், அந்த ஆற்றல் வெப்பமாகப் பரவாமல் செல்லுக்குள் இருக்கும் மரபு இழைகளைத் தெறித்து அறுக்கிறது. அறுந்த இழையோடு செல் உடனே சாவதில்லை. அடுத்த முறை பிரியப் பார்க்கும்போது சாகிறது. அதனால் அடிக்கடி பிரியும் செல்களுக்குத்தான் முதல் அடி: எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், மயிர்க்கால்.

நோய் வந்த வரிசை இதிலிருந்தே புரியும். அதிகம் பட்டவர்களுக்குச் சில மணி நேரத்தில் வாந்தி. பிறகு சில நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அந்த நாள்களில்தான் குடும்பத்தார் நிம்மதி அடைந்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ரத்தத்தில் இருந்த பழைய வெள்ளை அணுக்கள் ஆயுள் முடிந்து மறைந்தன. புதியவற்றைச் செய்ய மஜ்ஜை இல்லை. காய்ச்சல், வாய்ப்புண். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்ததால் தோலுக்கடியில் ஊதாப் புள்ளிகள், ஈறில் ரத்தம். தீக்காயமோ எலும்பு முறிவோ இல்லாமல் தப்பியதாக நினைத்தவர்கள் செப்டம்பரில் இப்படிச் செத்தார்கள். கையைக் கட்டிப்போட்ட நிலையில் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூரம் கூடக்கூடக் கதிரின் அளவு செங்குத்தாக இறங்கியது. ஹிரோஷிமாவில் ஒரு கிலோமீட்டரில் திறந்தவெளியில் ஏறத்தாழ 4 கிரே, இரண்டு கிலோமீட்டரில் பத்தில் ஒரு கிரேக்கும் குறைவு. கான்கிரீட்டும் மண்ணும் நன்றாகத் தடுத்தன. நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து வெறும் 170 மீட்டரில் ஒரு கான்கிரீட் கட்டடத்தின் அடித்தளத்தில் ஆவணம் எடுக்க இறங்கியிருந்த ஊழியர் ஒருவர் உயிரோடு வெளியே வந்து, 1982 வரை வாழ்ந்தார்.

வெடிப்பில் பிறந்த கதிரியக்கத் துகள்கள் புகையோடு மேலே போயின. தீயின் கரியும் ஈரமும் சேர்ந்து வடமேற்குப் பக்கம் கறுப்பு மழையாக இறங்கியது. தாகத்தில் வாயைத் திறந்து அதைக் குடித்தவர்கள் உண்டு. தாங்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்று அந்த மழையில் நனைந்தவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2021 இல்தான் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 84 பேரின் வழக்கில் அதை ஒப்புக்கொண்டது. 76 ஆண்டு தாமதம்.

இன்றைக்கு அங்கே எப்படி மக்கள் வாழ்கிறார்கள்?

அடிக்கடி வரும் கேள்வி இது, பதில் கணக்கில் இருக்கிறது. பிளந்தது ஒரு கிலோ அளவுப் பொருள்தான். உயரத்தில் வெடித்ததால் தீப்பந்து தரையைத் தொடவில்லை, கதிரியக்கத் துகள்களில் பெரும்பகுதி மேல்காற்றில் போய்ப் பரந்துவிட்டது. நியூட்ரான் பட்டு மண்ணிலும் கட்டடத்திலும் உண்டான கதிரியக்கத்துக்கு ஆயுள் குறைவு. அலுமினியத்தில் பிறந்தது சில நிமிடங்களில் பாதியானது, மாங்கனீசில் பிறந்தது இரண்டரை மணி நேரத்தில், சோடியத்தில் பிறந்தது 15 மணி நேரத்தில். பிளவுத் துகள்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு உண்டு: நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒரு பங்காகும். ஆகவே முதல் இரண்டு நாள் மிக ஆபத்தானவை. உறவினரைத் தேடி உடனே நகருக்குள் நுழைந்தவர்கள் அதைச் சுமந்தார்கள், ஜப்பானியச் சட்டம் அவர்களையும் ஹிபாகுஷா, அதாவது குண்டால் பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கிறது. தரையிலேயே குண்டு வெடித்திருந்தாலோ, டன் கணக்கில் எரிபொருள் இருக்கும் அணு உலை உடைந்திருந்தாலோ கதை வேறாகியிருக்கும். செர்னோபிலை வைத்து ஹிரோஷிமாவை அளப்பதும், ஹிரோஷிமாவை வைத்து இனி வரும் குண்டுகளை அளப்பதும் தவறு. 75 ஆண்டு புல் முளைக்காது என்ற பேச்சு பரவிய ஊரில் மூன்றாம் நாளே ஒரு பாதையில் டிராம் ஓடியது. அடுத்த கோடையில் அரளி பூத்தது. இன்று ஹிரோஷிமா நகரத்தின் பூ அதுதான்.

ஆனால் மண் ஆறியதால் மனிதர்கள் ஆறிவிடவில்லை. பிழைத்தவர்களிடம் இரண்டு மூன்று ஆண்டில் ரத்தப் புற்றுநோய் கூடத் தொடங்கி, ஆறு முதல் எட்டு ஆண்டில் உச்சத்துக்குப் போனது. இரண்டு வயதில் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குள் இருந்த சடாகோ சசாகி, பள்ளியில் நன்றாக ஓடும் பெண், 1955 இல் பன்னிரண்டு வயதில் இந்த நோயில் இறந்தாள். படுக்கையில் அவள் மடித்த காகிதக் கொக்குகள் உலகறிந்தவை. மார்பு, நுரையீரல், வயிறு போன்ற உறுப்புகளின் புற்றுநோய் பத்தாண்டுக்குப் பின் கூடத் தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. கருவில் 8 முதல் 15 வாரம் இருந்த குழந்தைகளில் தலை சிறுத்து அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் இருந்தார்கள், மூளை உருவாகும் வாரங்கள் அவை.

பரம்பரையாக ஊனம் வரும் என்பது மட்டும் நிரூபணமாகவில்லை. பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளை ஆராய்ந்தும், பெற்றோர் பட்ட கதிரால் பிறவிக் குறைபாடோ நோயோ கூடியதாக இதுவரை காணவில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் அந்தத் தவறான நம்பிக்கையே பெரும் கொடுமை செய்தது. ஹிபாகுஷா வீட்டில் பெண் எடுக்க மறுத்தார்கள், கொடுக்கவும் மறுத்தார்கள். வேலை கிடைக்கவில்லை. தாங்கள் அந்த நகரத்தில் இருந்ததையே மறைத்து வாழ்ந்தவர்கள் ஏராளம்.

இவையெல்லாம் நமக்குத் தெரிவது 1,20,000 பேரை ஆயுள் முழுதும் தொடரும் ஓர் ஆய்வால். 1947 இல் அமெரிக்கர்கள் தொடங்கிய ஆணையம் முதலில் அதை நடத்தியது. பரிசோதித்தார்கள், சிகிச்சை தரவில்லை. அந்த மனக்காயம் ஆழமானது. 1975 முதல் இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் ஆய்வு நிறுவனம் அதைத் தொடர்கிறது. மருத்துவமனைகளில் கதிர்வீச்சு ஊழியருக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்புகளுக்கு அடிப்படை பெரும்பாலும் இந்த மக்களின் உடல்கள் தந்த கணக்குதான்.

பின்னால் வந்த ஹைட்ரஜன் குண்டுக்கு ஹிரோஷிமா வகைக் குண்டு வெறும் தீக்குச்சி. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்தது அதைப் போல ஆயிரம் மடங்கு. தரையோடு வெடித்ததால் பவளத்தூள் சாம்பலாக இறங்கி, தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் 23 பேரையும், அண்டைத் தீவு மக்களையும் சுட்டது. உலகில் இன்று ஏறத்தாழ 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன.

உயிரோடு இருக்கும் ஹிபாகுஷா எண்ணிக்கை 2025 மார்ச்சில் முதல் முறையாக ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது 86. அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடாங்க்யோவுக்கு 2024 இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் புல் மூடிய ஒரு வட்ட மேடு இருக்கிறது. அதன் அடியில் ஏறத்தாழ 70,000 பேரின் சாம்பல், பெரும்பாலும் யாருடையது என்று தெரியாதது. ஏறத்தாழ 800 பேருக்கு மட்டும் பெயர் தெரியும், கேட்டு வந்த உறவினர் இல்லை. அந்தப் பெயர்ப்பட்டியலை நகர நிர்வாகம் இன்றும் ஆண்டுதோறும் நாடு முழுவதும் உள்ள ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.